ஊஞ்சமேட்டார் அனுப்பிய மலை

ஊஞ்சமேட்டில் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிடும். அதற்கு மேலும் படிக்க நினைக்கிற குழந்தை வண்டிப்பாதை பிடித்துச் சேந்தமங்கலம் போய் அஞ்சாம் வகுப்பில் உட்கார வேண்டும். போகாத குழந்தை ஆடுகளின் பின்னால் போகும். மூன்றாவதாக ஒரு வழி இருப்பதாக அந்த ஊரில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

சென்னிமலையின் மகள் சௌந்திரம் சேந்தமங்கலம் போவதென்று முடிவாகியிருந்தது. முடிவு செய்தவள் சௌந்திரம்தான். அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துப் பை தைத்துக்கொண்டாள். ஆடுகளிடமும் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அவை ஆட்சேபிக்கவில்லை.

மேட்டூர் அணையைக் கட்டி முடித்த வருஷம் அது. உயரமாக எதையாவது கட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று ராஜதானியில் யாருக்கோ தோன்றியிருக்க வேண்டும். ஏகரீதிப் பரீட்சை இலாகாவைக் கட்டினார்கள். ராஜதானி முழுவதிலும் நாலாம் வகுப்புக் குழந்தைகள் எல்லாரும் ஒரே நாளில், ஒரே நேரத்தில், ஒரே கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும் என்று உத்தரவு வந்தது. அதுவரை ஊஞ்சமேட்டில் பரீட்சை என்பது, வெல்லம் கட்டி வந்த காகிதத்தைச் சின்னுசாமி வாத்தியார் பிரித்துக் கொடுத்து, "படி" என்பதுதான். படித்தால் பாஸ். அவர்தான் அந்தப் பள்ளிக்கூடத்தின் ஒரே வாத்தியார். ஆகவே வெல்லம் தீரும்போதெல்லாம் பரீட்சை நடந்தது.

புதுப் பரீட்சையைப் பெற்றோர் புரிந்துகொள்ளாவிட்டால் அவர்கள் குழந்தையை எழுத விடக்கூடாது என்றும் உத்தரவில் இருந்தது. புரியவைப்பதற்காக இலாகாவிலிருந்து சுவாமிநாதன் என்ற விளக்க அதிகாரி புறப்பட்டார். சேந்தமங்கலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியவரைச் சென்னிமலையின் மாட்டுவண்டிதான் ஏற்றிவந்தது. கையில் நீளமான மூங்கில் குழாய் வைத்திருந்தார். வழியெல்லாம் அதை மடியில் குழந்தை போலக் கிடத்திக்கொண்டு பேசினார்.

"நீர் படித்திருக்கிறீரா?"

"இல்லீங்க சாமி."

"நல்லது. படித்தவர்களுக்குப் புரியவைப்பதுதான் சிரமம். கேள்வி கேட்கிறார்கள்."

சென்னிமலை மாடுகளை அதட்டினான். அவை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தன. இருந்தாலும் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது.

பள்ளிக்கூடத்து ஊஞ்சை மரத்தடியில் ஊர் கூடியது. சுவாமிநாதன் குழாயைத் திறந்து ஒரு படத்தை உருவி மரத்தில் மாட்டினார். இரண்டு பக்கமும் தாழ்ந்து நடுவில் உயர்ந்த ஒரே ஒரு கோடு. ஊர் அதை உற்றுப் பார்த்தது.

"ஏனுங்க, இது நம்ம கொல்லிமலைங்களா?" என்றான் செங்கோட்டையன். கூட்டம் என்றால் முதல் வரிசையில் உட்கார்ந்து முதலில் பேசுகிறவன்.

"இது மதிப்பெண் மலை" என்றார் சுவாமிநாதன். "ராஜதானியின் குழந்தைகள் எல்லாரும் இந்த மலையில் எங்கோ ஓரிடத்தில் நிற்கிறார்கள். சுமாரான குழந்தை உச்சியில். மக்குக் குழந்தை இடது அடிவாரத்தில். மகா புத்திசாலிக் குழந்தை வலது அடிவாரத்தில்."



"அப்ப என்ற பொண்ணு நல்லாப் படிச்சா உச்சியில இருந்து கீழ எறங்கோணுங்களா?" என்றான் சென்னிமலை.

"இறங்க வேண்டும்."

"படிக்காமப் போனாலுங்க?"

"அப்போதும் இறங்க வேண்டும். ஆனால் இந்தப் பக்கம்."

செங்கோட்டையன் எழுந்து, படத்தின் வலதுபுறத்தைக் கிழக்கு என்று வைத்துக்கொண்டு, விரலால் மலையைச் சுற்றிவந்தான். இடது அடிவாரத்தில் அவன் விரல் நின்றது.

"அட, சேந்தமங்கலம் மலைக்கு மேக்காலயில்ல இருக்குது! நாமெல்லாம் இந்தப் பக்கமுங்க. மொத்த ஊரும் மக்குங்களா? அக்கட்டால இருக்கற துறையூர்க்காரன்தான் புத்திசாலிங்களா?"

ஒரே கூச்சல். துறையூர்க்காரனுக்குப் பெண் கொடுத்தவர்கள் மட்டும் பேசாமல் இருந்தார்கள். படத்தைத் திருப்பி மாட்டினால் என்ன என்று ஒரு குரல் கேட்டது. சுவாமிநாதன் கையை உயர்த்தினார்.

"மகாஜனங்களே! இலாகாவின் மலைக்குத் திசை கிடையாது. இந்தப் பரீட்சை உங்கள் குழந்தைக்கு என்ன தெரியும் என்று அறிவதற்கு அல்ல. அது உங்கள் வாத்தியாருக்கே தெரியும். அவருக்குத் தெரிந்தது எங்களுக்குத் தெரியவில்லையே என்பதுதான் இலாகாவின் வேதனை. ஆகவே எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே கேள்வி. உதாரணமாக, காலையில் சென்னைத் துறைமுகத்தை விட்டுப் புறப்படும் ஒரு கப்பலைப் பற்றிக் கேட்போம். கடலையே பார்க்காத குழந்தைக்கும் அதே கப்பல்தான். மேட்டூர் இன்ஜினீயர் மகனுக்கும் அதே கப்பல்தான். இதைவிடப் பெரிய நியாயம் உண்டா? எல்லாருக்கும் ஒரே அளவில் செருப்புக் கொடுக்கிறோம். கொடுத்துவிட்டு யாருடைய கால் சரியில்லை என்று கண்டுபிடிக்கிறோம்!"

அவரே முதலில் கைதட்டினார். ஊர் மரியாதைக்குத் தொடர்ந்து தட்டியது.

பின்வரிசையிலிருந்து சௌந்திரம் எழுந்தாள். "ஏனுங்க, கப்பல்ல ஆடு ஏத்துவாங்களா?"

"அது பாடத்திட்டத்தில் இல்லை. உட்கார்" என்றார் சுவாமிநாதன்.

"சரி. புரிந்ததா?" என்று அவர் ஊரைக் கேட்டார்.

"புரிஞ்சுதுங்க" என்றது ஊர் ஒரே குரலில். மத்தியானச் சோற்றுக்கு நேரமாகியிருந்தது.

"புரிந்தது என்று சொன்னால் நம்பக் கூடாது. பரீட்சை வைக்க வேண்டும்" என்றார் சுவாமிநாதன். "இலாகாவின் முதல் விதியே அதுதான். நாளைக் காலையில் பெற்றோர் தெளிவுப் பரீட்சை. தேறாதவர் குழந்தை எழுத முடியாது. எழுதாத குழந்தைக்கு அஞ்சாம் வகுப்பு கிடையாது."

 சென்னிமலை மெதுவாகத் திரும்பிப் பார்த்தான். சௌந்திரம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அவன் பெண்சாதி அத்தாயி சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள்: "என்னமோ மலைங்கறாங்க, கப்பலுங்கறாங்க. உனக்கு என்ன வெளங்குச்சு?"

"வெளங்குனாப்பல இருந்துச்சு. நீ கேட்டதும் போயிருச்சு."

"நல்லா இருக்குது. ஆட்டுக்கு ஒரு ஆளு ஆச்சு போ."

"அப்படிச் சொல்லாதீங்கம்மா" என்றாள் சௌந்திரம். "அப்பா பாஸாயிருவாங்க. நான் சொல்லித் தாரேன்." சாயங்காலம் முழுவதும் அவள் அப்பாவை மாட்டுக் கட்டுத்தறியில் உட்காரவைத்துப் பாடம் நடத்தினாள். பாடத்தின் முடிவில் சென்னிமலைக்குக் கப்பலைப் பற்றி ஒரு பயமும், மாடுகளுக்கு நல்ல தூக்கமும் வந்தன.

மறுநாள் சுவாமிநாதன் விதிகளை வாசித்தார். கேள்வியைப் படிப்பார், நான்கு பதில்களையும் படிப்பார். ஒவ்வொருவராக அவர் எதிரில் வந்து, சரியான பதிலின் எண்ணை விரலால் காட்ட வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. காட்டும் விரலை அடுத்தவர் பார்க்கவும் கூடாது.

"அடுத்தவுங்க பாக்காம வெரலக் காட்டோணும்" என்று சென்னிமலை தனக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தான். ஊர் முழுவதும் அதையே சொல்லிப் பார்த்தது. எல்லார் முகத்திலும் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. நேற்று முதல் அந்த மரத்தடியில் சொல்லப்பட்ட விஷயங்களில் அவர்களுக்குப் புரிந்தது இது ஒன்றுதான். மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுகிறபோது அவர்கள் வேறு என்ன செய்கிறார்கள்?

சென்னிமலை முதல் ஆளாகப் போய் நின்றான். தோளில் கிடந்த துண்டை உதறினான். சுவாமிநாதனின் வலது கையை மரியாதையாகப் பிடித்து, அதன் மேல் துண்டைப் போர்த்தினான்.

"இது என்ன?"

"பாக்கப்படாதுன்னீங்களே சாமி."

சுவாமிநாதன் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். துண்டைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை. பார்க்கப்போனால், விதியை இவ்வளவு சிரத்தையாக அனுசரித்த மனிதனை அவர் இதற்கு முன் கண்டதில்லை. திருப்தியோடு முதல் கேள்வியைப் படித்தார்.

"ஏகரீதிப் பரீட்சையின் நோக்கம் யாது? ஒன்று, குழந்தையின் நலம். இரண்டு, ஆசிரியரின் நலம். மூன்று, ராஜதானியின் நலம். நான்கு, மேற்கண்ட யாவும், ஆனால் இந்த வரிசையில் அல்ல."

சந்தையில் யாரும் முதலிலேயே பெரிதாகப் போய்விடுவதில்லை. சென்னிமலை துண்டுக்குள் அதிகாரியின் ஒற்றை விரலைப் பிடித்தான். கை வெடுக்கென்று உதறியது. கட்டுப்படியாகவில்லை என்று அர்த்தம். இரண்டு விரலைப் பிடித்தான். கை நெளிந்தது. மூன்று. கை யோசித்தது. நான்கைச் சேர்த்துப் பிடித்ததும் கை பெருமூச்சு விட்டது போலத் தளர்ந்து அவன் கைக்குள் அடங்கியது. சென்னிமலை இரண்டு குலுக்குக் குலுக்கித் துண்டை எடுத்தான். பேரம் படிந்தது.

"சரியான விடை!" என்றார் சுவாமிநாதன் ஆச்சரியத்தோடு. கேள்விக்குக் கேள்வி இப்படியே நடந்தது. இவர்கள் விரல்களைத் தடவித் தடவிப் பார்ப்பது சிந்திப்பதன் அடையாளம் என்று அவர் குறித்துக்கொண்டார். தன் முகத்தைக் கல் போல வைத்துக்கொள்ள இலாகாவில் பயிற்சி எடுத்திருந்தார். கைக்குப் பயிற்சி கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

அத்தாயியும் வந்தாள். அவள் துண்டுக்குப் பதிலாக முந்தானையைப் போட்டு, யாருக்காகவும் காத்திராத வேகத்தில் எல்லாக் கேள்விகளையும் படியவைத்தாள். செங்கோட்டையன் மட்டும் ஒவ்வொரு கேள்விக்கும் முடிந்த பேரத்தை விட்டுவிட்டு இரண்டடி போய்த் திரும்பி வந்தான். அப்படிச் செய்யாவிட்டால் அவனுக்குத் திருப்தி இராது.

பொழுது சாய்வதற்குள் ஊஞ்சமேட்டுப் பெற்றோர் அத்தனை பேரும் முழு மதிப்பெண் வாங்கியிருந்தார்கள்.

சுவாமிநாதனுக்குத் தலைகால் புரியவில்லை. "என் பிரசங்கம்!" என்று சின்னுசாமி வாத்தியாரின் தோளைப் பிடித்து உலுக்கினார். "ஒரே பிரசங்கம், ஐயா! ராஜதானியிலேயே இப்படி நடந்ததில்லை!"

"நடந்திருக்காதுங்க" என்றார் வாத்தியார். அவரும் சந்தைக்குப் போகிறவர்தான்.

அதன்பிறகு சுவாமிநாதன் உட்கார்ந்து ஊஞ்சமேட்டின் மதிப்பெண்களைக் கோடாக வரைந்தார். எல்லாரும் ஒரே இடத்தில் நின்றதால் கோடு தரையிலிருந்து நேராக மேலே போயிற்று. இந்தப் பக்கமும் சரிவில்லை, அந்தப் பக்கமும் சரிவில்லை. ஊர் எட்டிப் பார்த்தது.

"பனமரமுங்க" என்றான் செங்கோட்டையன்.

வேறு வழியில்லாமல் பனைமரத்தையே இலாகாவுக்கு அனுப்பினார். பதில் தந்தியாகச் சேந்தமங்கலம் வந்து, அங்கிருந்து ஓட்டமாக ஊஞ்சமேடு வந்தது. சுவாமிநாதன் வாசித்தார். 

"பனை ஏற்கப்படாது. மலை அனுப்பு."

தந்தியைத் தொடர்ந்து வந்த விளக்கத்தில் விஷயம் தெளிவாக இருந்தது. சராசரிக்குக் கீழே யாருமில்லாத ஊரில் சராசரி எங்கே நிற்கும்? கீழே ஒருவராவது இல்லாவிட்டால் ஊஞ்சமேட்டின் தெளிவு செல்லாது. ஒரு குழந்தையும் பரீட்சை எழுத முடியாது. மலை கிடைக்கும் வரை விளக்க அதிகாரி ஊரை விட்டு நகரவும் கூடாது.

மறுபடி மரத்தடியில் கூட்டம். இந்த முறை சுவாமிநாதன் பிரசங்கம் செய்யவில்லை. கெஞ்சினார்.

"ஒரே ஒருவர். யாராவது ஒருவர் தயவுசெய்து புரியாமல் இருக்க வேண்டும்."

"நீங்க வர்ற வரைக்கும் மொத்த ஊருமே அப்படித்தானுங்களே இருந்தோம்" என்றான் சென்னிமலை.

"அது செல்லாது. அதை நான் சரி செய்துவிட்டேன்."

யாரும் முன்வரவில்லை. பெயிலாகிறவரின் குழந்தை ஆட்டுக்குப் பின்னால் போக வேண்டியதுதானே! செங்கோட்டையன் தன் மூன்று பையன்களையும் இழுத்து முன்னால் நிறுத்தி, "இதுகளப் பாத்துட்டு அப்புறம் கேளுங்க" என்றான். சுவாமிநாதனின் கண் ஊரைச் சுற்றிவந்து, ஊருக்கு வந்த நாளிலிருந்து தன்னை வண்டியில் ஏற்றி இறக்கிய மனிதன் மேல் நின்றது.

"சென்னிமலை, நீர் நல்லவர்."

நல்லவர் என்று பெயரெடுத்த பிறகு தப்பிப்பது கஷ்டம். சென்னிமலை துண்டின் நுனியை முறுக்கினான்.  எல்லாரும் அவனையே பார்த்தார்கள். சௌந்திரம் தோளிலிருந்த பையைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். அழவில்லை. மடிப்பை மட்டும் நீவி நீவி விட்டுக்கொண்டிருந்தாள்.

"அட, நில்லுங்க" என்று அத்தாயி எழுந்தாள். "சந்தைக்கு மாடு ஓட்டறப்ப, நல்ல மாடாவே ஓட்டீட்டுப் போனா எவனாச்சும் கிட்ட வாரானா? ஒரு நோஞ்சானையும் சேத்து ஓட்டுனாத்தான மத்ததெல்லாம் எடுப்பாத் தெரியும்? இத்தனை ஆம்பளைங்க இருக்கீங்க, இது தெரியாதா?"

"தெரியுது புள்ள. நோஞ்சானுக்கு எங்க போறது?" என்றான் சென்னிமலை.

"இந்தப் பள்ளிக்கூடத்துல புள்ளகுட்டி இல்லாத ஆளாப் பாருங்க. பெயிலானா அவுங்களுக்கு என்ன நட்டம்?"

ஊர் மெதுவாகத் திரும்பி விளக்க அதிகாரியைப் பார்த்தது.

"நானா?" என்றார் சுவாமிநாதன். "அம்மா, நான் கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு ஜில்லா முழுக்க அலைகிறவன். எழுதினால் எனக்கும் முழு மதிப்பெண்தான் வரும். உங்கள் பனைமரம் இன்னும் ஒரு முழம் வளரும். வேண்டுமென்றே தப்பாகச் சொல்லவும் என் மனசாட்சி இடம் கொடுக்காது."

"மனசாரவே சொல்லுங்க சாமி" என்றான் சென்னிமலை. "ஆவறது ஆவட்டும்."

வேறு போக்கில்லை. சின்னுசாமி வாத்தியார் அதிகாரியின் நாற்காலியில் உட்கார்ந்தார். விடைத்தாளை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சுவாமிநாதன் எதிரில் நின்றார். சென்னிமலை ஓடிவந்து துண்டை நீட்டினான்.

"எனக்கு எதற்கு மறைப்பு? உண்மையை மறைத்துக் காட்ட வேண்டியதில்லை" என்று அவர் துண்டை ஒதுக்கிவிட்டுக் கையை ஆகாயத்தைப் பார்க்கத் தூக்கினார். அவர் பெயிலாவதுதான் ஊருக்கு வேண்டியிருந்தது, இருந்தாலும் அடடா என்று வருத்தப்பட்டது. வாத்தியாரின் கை நல்ல கை. சந்தையில் எத்தனையோ பேருக்கு இரக்கம் காட்டிய கை. அது துண்டில்லாமல் என்ன செய்ய முடியும்?

"ஏகரீதிப் பரீட்சையின் நோக்கம் யாது?" என்று வாத்தியார் வாசித்தார்.

சுவாமிநாதன் நான்கு பதில்களையும் கேட்டார். அவரிடம் இதுவரை யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. கண்ணை மூடினார். நெடுநேரம் யோசித்தார். கண்ணைத் திறந்தபோது பை மடித்து வைத்திருந்த பெண் எதிரில் நின்றாள். ஒற்றை விரலை உயர்த்தினார்.

குழந்தையின் நலம்.

வாத்தியார் விடைத்தாளைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். துக்கம் விசாரிக்கிற குரலில், "தப்புங்க" என்றார்.

அடுத்த கேள்வி: குழந்தை பெயிலானால் அதற்குக் காரணம் எதுவாக இருக்க முடியாது? 'கேள்வி' என்பதுதான் விடைத்தாளின்படி சரியான விடை. சுவாமிநாதன் இப்போது உண்மையாகவே யோசிக்க ஆரம்பித்துவிட்டிருந்தார். குழந்தை என்று காட்டினார். அதற்கப்புறம் அவரைத் தடுத்து நிறுத்த முடியவில்லை. உற்சாகமாக, வியர்க்க விறுவிறுக்க, ஒன்று விடாமல் தப்பாகச் சொன்னார். கடைசிக் கேள்வி முடிந்ததும் ஊர் எழுந்து நின்று கைதட்டியது. இந்த முறை யாரும் முதலில் தட்டிக் காட்ட வேண்டியிருக்கவில்லை.

வரைபடத்தின் இடது ஓரத்தில், தரையோடு தரையாக, ஒரு சின்ன மேடு முளைத்தது. அதற்கும் பனைமரத்துக்கும் நடுவே வாத்தியார் ஒரு கோடு இழுத்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தால் மலை.

அதைவிட ஓர் அதிசயம் நடந்தது. சுவாமிநாதன் கீழே போனதால் சராசரியும் அவரோடு கொஞ்சம் கீழே இறங்கிற்று. முழு மதிப்பெண் வாங்கியிருந்த ஊர், நின்ற இடத்தில் நின்றபடியே சராசரிக்கு மேலே போய்விட்டது. ஊரார் அத்தனை பேரும் சராசரிக்கு மேல்! இலாகா பிறந்த நாளிலிருந்து கனவு கண்டுகொண்டிருந்தது இதைத்தானே! மலை இலாகாவுக்குப் போய்ச் சேர்ந்ததும், மேளதாளம் ஒன்றுதான் குறை என்கிற மாதிரி ஓர் உத்தரவு வந்து சேர்ந்தது.

சின்னுசாமி வாத்தியார் அதை மரத்தடியில் உரக்கப் படித்தார். "ஊஞ்சமேட்டுப் பெற்றோர் ராஜதானிக்கே உதாரணம். பெற்றோர் இவ்வளவு தெளிவாகப் புரிந்துகொண்ட ஒரு பரீட்சையைக் குழந்தைகளும் எழுத வேண்டிய அவசியமில்லை. குழந்தைகள் யாவரும் அஞ்சாம் வகுப்புக்குத் தகுதியானவர்கள். அவ்வூரில் தேறாத ஒரே நபர், பரீட்சையைப் புரிந்துகொள்ளும் வரை அங்கேயே தங்கி, தேறியவர்களிடம் பாடம் கேட்க வேண்டும்."

சௌந்திரம் மடித்த பையைப் பிரித்து உதறினாள். பிறகு நெற்றியைச் சுருக்கினாள். "பரிட்சையே இல்லீங்களா? அந்தக் கப்பலுக்கு நான் கணக்கெல்லாம் போட்டு வெச்சேனே!"

"கப்பல் எங்கயும் போயிராது அம்மிணி" என்றான் சென்னிமலை. 

கோடை கழிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று, சௌந்திரம் பையோடு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். ஊஞ்சை மரத்தடியில் சுவாமிநாதன் நின்றிருந்தார். உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது, தோளில் ஒரு துண்டு கிடந்தது. சென்னிமலையும் அத்தாயியும் செங்கோட்டையனும் முறைவைத்து அவருக்குப் பாடம் நடத்திவந்தார்கள். போன சந்தைக்கும் அழைத்துப் போயிருந்தார்கள். அங்கேதான் அவருக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கியது என்றும், அன்று முழுவதும் தன் வலது கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்றும் செங்கோட்டையன் சொல்கிறான்.

வண்டி பக்கத்தில் வந்ததும் அவர் சௌந்திரத்திடம் கையை நீட்டி, அதன் மேல் தானே துண்டைப் போட்டுக்கொண்டார். அவள் சிரித்தாள். துண்டுக்குள் கையை விட்டு, அவருடைய ஐந்து விரல்களையும் சேர்த்து இறுக்கிப் பிடித்துக் குலுக்கினாள்.

"அஞ்சாம் வகுப்பு!" என்று அவர் கத்தினார். "புரிந்துவிட்டது! சென்னிமலை, எனக்கு எல்லாமே புரிந்துவிட்டது! இலாகாவுக்கு எழுதிவிடட்டுமா?"

சென்னிமலை கயிற்றை இழுத்து வண்டியை நிறுத்தினான். அவனும் இப்போது ஒரு வாத்தியார். பொறுப்பு இருந்தது.

"புரிஞ்சுதுன்னு சொன்னா நம்பப்படாதுங்க சாமி" என்றான். "பரிட்சை வெக்கோணும்."

சொல்லிவிட்டு மாடுகளைத் தட்டினான். வண்டி சேந்தமங்கலத்தைப் பார்த்து, மலையின் இடது அடிவாரத்தை நோக்கி, சந்தோஷமாக உருண்டது.